நாத்திகம் ஒரு மதமா? பாரத்தில் உள்ள ஒரு கட்டம் கிளப்பும் கேள்வி

ஈப்போ: பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் பாரம், மருத்துவமனைப் பாரம், பிறப்புப் பதிவுப் பாரம் என எதை எடுத்தாலும் பெயருக்கும் முகவரிக்கும் கீழே ‘அகாமா’ என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலான தமிழ்க் குடும்பங்கள் அந்தக் கட்டத்தில் நின்று யோசிப்பதில்லை. இந்து, கிறிஸ்துவம், இஸ்லாம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகின்றன.

ஆனால் பேராக்கில், குறிப்பாகப் பழைய ரப்பர் தோட்டங்களிலிருந்து நகரத்துக்கு வந்த குடும்பங்களில், அந்தக் கட்டத்தில் பேனா தயங்கும் வீடுகளும் உண்டு. தாத்தா தோட்டத்தில் பெரியார் கொள்கையைப் பிடித்தவர். அப்பா கோயிலுக்குப் போவதில்லை. அம்மா வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவார். பிள்ளை வந்து, “நம்ம என்ன மதம்?” என்று கேட்கிறது. ‘இந்து’ என்று எழுதினால் அப்பாவுக்கு உண்மையாக இல்லை. ‘இல்லை’ என்று எழுதினால், முகப்பில் இருப்பவர் நிமிர்ந்து பார்த்து மறுபடியும் கேட்பார். அப்படியானால் ‘நாத்திகம்’ என்று எழுதலாமா? அது ஒரு மதமா?

இந்தக் கேள்வி தேநீர்க் கடைகளிலும் பொதுக்கூட்டங்களிலும் பல ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருகிறது. பெரும்பாலும் இரு தரப்பும் ஒரே சொல்லை வெவ்வேறு பொருளில் பயன்படுத்துவதால்தான் விவாதம் முடிவதில்லை. எனவே முதலில் சொற்களைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

ஒரு சொல், பல பொருள்

‘நாத்திகம்’ என்பது ‘இல்லை’ என்று பொருள்படும் ‘நாஸ்தி’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. எது இல்லை என்பதில்தான் குழப்பம். பழைய இந்திய மெய்யியலில் வேதத்தை ஏற்காதவரே நாத்திகர். அந்தக் கணக்கில் பௌத்தரும் சமணரும் நாத்திகர். அதே வேளையில், உலகைப் படைத்த கடவுள் என்ற கருத்துக்கு இடம் தராத பழைய சாங்கியமும் மீமாம்சையும் வேதத்தை ஏற்றதால் ஆத்திகப் பட்டியலில் இடம்பெற்றன. அதாவது கடவுளை ஏற்காத ஆத்திகரும் அன்று இருந்தனர்.

மேற்கிலும் இதே கதைதான். பழைய ரோமாபுரியில் அரசுக் கடவுளரை வணங்க மறுத்த ஆதிக் கிறிஸ்தவர்களையே நாத்திகர் என்று பழித்தார்கள். தன் கடவுளை ஏற்காதவனை நாத்திகன் என்பது உலகெங்கும் இருந்த வழக்கம்.

இன்றைய பேச்சில் நாத்திகம் என்றால் கடவுள் மறுப்பு. அதிலும் இரு நிலைகள் உள்ளன. ‘கடவுள் இல்லை’ என்று உறுதியாகச் சொல்வது ஒன்று. ‘இருக்கிறார் என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை’ என்பது இன்னொன்று. கடவுள் உண்டா இல்லையா என்பதை மனிதர் அறிய முடியாது என்பவர்களுக்கு மூன்றாவதாக ஒரு பெயர் உண்டு. அந்த அறியொணா வாதத்துக்கான ஆங்கிலச் சொல்லை 1869இல் உருவாக்கியவர் அறிவியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி.

இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் இன்னும் இரண்டு சொற்கள் உள்ளன. மதச்சார்பின்மை என்பது அரசும் பொது நிறுவனங்களும் எந்த மதத்தின் பக்கமும் சாயாமல் இருப்பது. ஆழ்ந்த பக்தரும் மதச்சார்பின்மையை ஆதரிக்கலாம். சமயமின்மை என்பது எந்த மதத்திலும் தன்னைச் சேர்த்துக்கொள்ளாமல் இருப்பது. ‘மேலே ஒருவன் இருக்கிறான், ஆனால் எனக்கு மதம் இல்லை’ என்று சொல்பவர் சமயமற்றவர். அவர் நாத்திகர் அல்லர்.

தமிழ் நூல்களில் கடவுள் மறுப்பு

நாத்திகம் பெரியாரோடு வந்தது என்றும், வெள்ளைக்காரனிடமிருந்து வந்தது என்றும் சிலர் நினைப்பதுண்டு. தமிழ் இலக்கியம் அப்படிச் சொல்லவில்லை.

மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி மாநகரில் மணிமேகலை பல சமயக் கணக்கர்களிடம் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர் ஆகியோரின் வரிசையில் பூதவாதியும் நிற்கிறான். பூவும் வெல்லமும் பிறவும் சேரும்போது மதுவின் களிப்பு பிறப்பது போல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது. பூதங்கள் பிரிந்தால் உணர்வும் அற்றுப்போகும் என்பது அவன் வாதம். ஆன்மா, மறுபிறப்பு, வினைப்பயன் எதுவும் அவனுக்கு இல்லை. சமண நூலான நீலகேசியிலும் பூதவாதத்துக்கு ஒரு தனிச் சருக்கமே உண்டு.

சைவ சித்தாந்தம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பிற கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கிறார். முதலில் எடுத்துக்கொள்வது உலகாயதம், அதாவது கண்ணால் காணும் உலகமே உண்மை என்ற கொள்கை. சைவ வகைப்பாட்டில் உலகாயதத்துக்குக் கிடைத்த பெயர் ‘புறப்புறச் சமயம்’. பௌத்தப் பிரிவுகளும் சமணமும் அதே வகையில் வருகின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது, கடவுளை மறுத்த உலகாயதத்தையும் அந்த ஆசிரியர்கள் ‘சமயம்’ என்றே எண்ணினார்கள் என்பதுதான். அன்று சமயம் என்றால் ஒரு முழுமையான கொள்கை. ‘மதம்’ என்ற சொல்லும் அப்படித்தான். நூலாசிரியர்கள் கொள்ளும் கருத்து நிலைகளை நன்னூல் ஏழு வகை மதம் என்று எண்ணுகிறது. பிறர் கருத்தை ஏற்பதும் ஒரு மதம், மறுப்பதும் ஒரு மதம். அங்கே கோயிலுக்கோ வழிபாட்டுக்கோ இடமே இல்லை.

ஆக, பழைய தமிழ்ப் பொருளில் கேட்டால் நாத்திகமும் ஒரு மதமே, அதாவது ஒரு கருத்து. இன்றைய பாரத்தில் உள்ள ‘அகாமா’ அந்தப் பொருளில் கேட்கவில்லை. வடமொழியின் ‘ஆகமம்’ என்ற சொல்தான் மலாயில் ‘அகாமா’ ஆனது. தமிழருக்கு ஆகமம் என்றால் கோயில் வழிபாட்டு முறைகளைச் சொல்லும் நூல். வழிபாடும் சடங்கும் சமூக அடையாளமும் சேர்ந்த ஒன்றைத்தான் இன்றைய கட்டம் எதிர்பார்க்கிறது.

ஈப்போவுக்கு வந்த பெரியார்

பேராக்கின் ரப்பர் வரலாறு கோலகங்சாரில் தொடங்கியது. 1877இல் அங்கு நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று மரமாகி இன்றும் நினைவுச்சின்னமாக நிற்கிறது. அடுத்த சில பத்தாண்டுகளில் சுங்கை சிப்புட், செம்மோர், பீடோர், சுங்கை, தெலுக் இந்தான் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து வந்த மக்கள் லயங்களில் குடியேறினார்கள். மாரியம்மனும் முனீஸ்வரரும் காளியம்மனும் அவர்களோடு வந்து தோட்டங்களில் குடிகொண்டார்கள். சாதியும் கூடவே வந்தது. கள்ளுக்கடையைத் தோட்டத்தின் அமைப்பே கொண்டுவந்தது.

1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ. ராமசாமி, துணைவியார் நாகம்மையாருடனும் தோழர்களுடனும் மலாயா வந்தார். பினாங்கில் இறங்கி, ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டார். அப்போது அவர் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்துக்கு வயது நான்குதான். சாதி ஒழிப்பு, கள் ஒழிப்பு, பெண்களின் உரிமை, வீண் சடங்குகளைக் கைவிடுதல் ஆகியவை அன்றைய மலாயாத் தமிழரிடம் வேர் பிடித்த செய்திகள். கடவுள் மறுப்பு அந்தப் பட்டியலில் ஒன்றாக இருந்தது. பலருக்கு அது முதல் காரணமாக இருக்கவில்லை. ‘மனிதனுக்கு மனிதன் தாழ்ந்தவன் இல்லை’ என்ற எண்ணமே அவர்களை இழுத்தது. அந்தத் தாழ்வை எந்தச் சாத்திரம் நியாயப்படுத்தியதோ அதைக் கேள்வி கேட்டபோது, கேள்வி கடவுள் வரை போனது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு திராவிடர் கழகம் மலாயாவில் அமைப்பாக வளர்ந்தது. தோட்டங்களிலும் நகரங்களிலும் கிளைகள் தோன்றின. வாசகசாலைகளில் ஏடுகள் உரக்க வாசிக்கப்பட்டன. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் நடந்தன. 1952இல் கோ. சாரங்கபாணி முன்னின்று தொடங்கிய தமிழர் திருநாள், பொங்கலையொட்டி எந்தச் சமயத்தாரும், சமயம் இல்லாதவரும் ஒன்றாகக் கூடும் விழாவாக அமைந்தது.

1954 டிசம்பரில் ரங்கூனில் நடந்த உலகப் பௌத்த மாநாட்டுக்குச் சென்ற பெரியார், அங்கு அம்பேத்கரைச் சந்தித்தார். அந்தப் பயணத்தின் தொடர்ச்சியாக இரண்டாம் முறையாக மலாயாவுக்கும் வந்தார். அம்பேத்கர் 1956இல் பௌத்தம் தழுவினார். பெரியார் சேரவில்லை. படைத்தவன் என்ற கடவுள் இல்லாத ஒரு மதத்தை ஒருவர் ஏற்றார். மதமே வேண்டாம் என்று மற்றவர் வெளியே நின்றார். ‘நாத்திகம் மதமா’ என்ற கேள்விக்கு இந்த இரு தலைவர்களின் வாழ்க்கையும் ஒரு பாடம். கடவுள் இல்லாமலும் மதம் இருக்க முடியும். ஆனால் கடவுளை மறுப்பவர் எல்லாம் ஒரு மதத்தில் இருப்பதாகிவிடாது.

‘அதுவும் ஒரு மதம்தான்’ என்பவர்களின் வாதம்

நாத்திகத்தை மதம் என்று சொல்பவர்கள் மூன்று காரணங்களை முன்வைக்கிறார்கள்.

முதலாவது, கடவுள் இருப்பதை நிரூபிக்க முடியாதது போலவே இல்லை என்பதையும் நிரூபிக்க முடியாது. ஆகவே ‘இல்லை’ என்பதும் ஒரு நம்பிக்கையே. இரண்டாவது, நாத்திக இயக்கங்களுக்கும் தலைவர் உண்டு, கொடி உண்டு, உறுதிமொழி உண்டு. செப்டம்பர் 17 வந்தால் பெரியார் படத்துக்கு மாலை விழுகிறது. மாலை போட்டால் அது பூசைதானே என்கிறார்கள். மூன்றாவது, பக்தர் தன் மதத்தைப் பரப்புவது போல நாத்திகரும் தன் கருத்தைப் பரப்புகிறார், சில நேரம் அதே பிடிவாதத்தோடு.

இந்த வாதங்களில் உண்மையின் சாயல் இல்லாமல் இல்லை. ஓர் இயக்கம் தன் தலைவரைக் கேள்விக்கு அப்பாற்பட்டவராக ஆக்கிவிட்டால், அது தான் எதிர்த்த ஒன்றின் சாயலைத் தானே பெறத் தொடங்குகிறது. பகுத்தறிவு பேசும் மேடைகளிலேயே இந்த எச்சரிக்கை ஒலித்திருக்கிறது.

‘இல்லை’ என்பவர்களின் பதில்

மறுதரப்பின் பதில், நாத்திகம் என்ற நிலையையும் நாத்திகர்கள் நடத்தும் இயக்கத்தையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது.

நாத்திகம் என்பது ஒரே ஒரு கேள்விக்கான பதில். எதைச் சாப்பிட வேண்டும், எப்படித் திருமணம் செய்ய வேண்டும், இறந்த பின் என்ன ஆகும், எந்த நாள் நல்ல நாள் என்று அது எதுவும் சொல்வதில்லை. தோட்டத்தில் தீமிதிக்கிறவருக்குக் காப்புக் கட்டு உண்டு, விரதம் உண்டு, நேர்த்தி உண்டு. மிதிக்காமல் ஓரமாக நிற்பவருக்கு என்று தனிக் காப்பும் விரதமும் கிடையாது. மிதிக்காமல் இருப்பதை இன்னொரு திருவிழா என்று சொல்ல முடியாது.

மாலை போடுவதற்கும் அவர்களிடம் பதில் உண்டு. மறைந்த ஆசிரியர் படத்துக்குப் பழைய மாணவர்கள் மாலை போடுகிறார்கள். அவரிடம் மழை கேட்பதில்லை, பிள்ளை வரம் கேட்பதில்லை. மரியாதை வேறு, வேண்டுதல் வேறு என்கிறார்கள்.

நிரூபணம் பற்றிய வாதத்துக்கும், உண்டு என்று சொல்பவரே சான்று தர வேண்டும் என்பது அவர்களின் வழக்கமான மறுமொழி. இதற்குப் பக்தர்கள் தரும் பதிலும் வலுவானது: கடவுளை அவர்கள் சான்று கேட்டு நம்பவில்லை, வாழ்வில் உணர்ந்து நம்புகிறார்கள். இந்த இடத்தில் விவாதம் தர்க்கத்தைத் தாண்டிவிடுகிறது. ஆனால் அதுவே இரண்டும் ஒரே வகை அல்ல என்பதையும் காட்டுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

தேநீர்க் கடையில் தோற்றாலும் வென்றாலும் யாருக்கும் இழப்பில்லை. சட்டத்தின் முன் அப்படி இல்லை.

கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவு இஸ்லாம் கூட்டரசின் மதம் என்றும், பிற மதங்களை அமைதியோடும் நல்லிணக்கத்தோடும் பின்பற்றலாம் என்றும் கூறுகிறது. 11ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் தன் மதத்தை ஏற்கவும் பின்பற்றவும் உரிமை தருகிறது. ‘மதம்’ என்றால் என்ன என்று அது வரையறுக்கவில்லை. இந்திய அரசமைப்பின் 25ஆவது பிரிவு ‘மனச்சாட்சிச் சுதந்திரம்’ என்ற சொல்லை மத உரிமைக்கு முன்னால் வைக்கிறது. மலேசியப் பிரிவில் அந்தச் சொல் இல்லை. சிங்கப்பூரின் 15ஆவது பிரிவு ஏறக்குறைய மலேசியாவின் சொற்களையே கொண்டது. ஆனாலும் அங்கு 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐந்தில் ஒருவர் தமக்குச் சமயம் இல்லை என்று பதிவு செய்தார்கள்.

சொற்கள் ஒன்றாக இருந்தாலும் அவற்றைப் படிக்கும் விதம் மாறும். 2017இல் கோலாலம்பூரில் நாத்திகர் சிலர் கூடிய புகைப்படம் ஒன்று சமூக ஊடகத்தில் பரவி, அதில் முஸ்லிம்களும் இருந்தார்களா என்று சர்ச்சை எழுந்தது. அவ்வாண்டு நவம்பரில் பிரதமர் துறைத் துணையமைச்சர் அஸிராஃப் வஜ்டி டுசுக்கி, மதச் சுதந்திரம் என்பது மதத்திலிருந்து விடுபடும் சுதந்திரம் அல்ல என்ற கருத்தை நாடாளுமன்றத்தில் முன்வைத்தார். முஸ்லிம்களைப் பொறுத்தவரை மதம் சார்ந்த விவகாரங்கள் மாநில இஸ்லாமியச் சட்டங்களின் கீழும் ஷரியா நீதிமன்றங்களின் கீழும் வருவதால், அவர்களின் நிலை தனியானது. முஸ்லிம் அல்லாத ஒருவர் கடவுளை நம்பவில்லை என்பதற்காக அவரைத் தண்டிக்கும் தனிச் சட்டம் எதுவும் இல்லை.

அந்தக் கருத்துக்கு வலுச் சேர்க்க அடிக்கடி காட்டப்படுவது ருக்குன் நெகாரா. 1969 மே 13 கலவரத்துக்குப் பின், 1970 ஆகஸ்ட் 31இல் அறிவிக்கப்பட்ட அந்த ஐந்து கோட்பாடுகளில் முதலாவது இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். அது தேசியக் கோட்பாடு, தண்டனைச் சட்டம் அல்ல. ஆனால் பள்ளி ஒன்றுகூடலில் ஒவ்வொரு பிள்ளையும் அதைச் சொல்லித்தான் வளர்கிறது.

இந்தோனேசியாவில் இது இன்னும் கடுமையானது. பஞ்சசீலத்தின் முதல் கோட்பாடு ஒரே இறைவன் மீதான நம்பிக்கை. 2012இல் மேற்கு சுமத்ராவில், முகநூலில் நாத்திகக் கருத்துகளைப் பதிவிட்ட அரசு ஊழியர் ஒருவருக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

உலகின் வேறு இடங்களில் சட்டம் எதிர்த்திசையில் சென்றது. ஐக்கிய நாட்டு மனித உரிமைக் குழு 1993இல் வெளியிட்ட 22ஆவது பொதுக் கருத்துரை, கடவுள் நம்பிக்கை, கடவுள் சாராத நம்பிக்கை, நாத்திகம் ஆகிய மூன்றையும், எந்த மதத்தையும் ஏற்காமல் இருக்கும் உரிமையையும் ஒன்றாகப் பாதுகாக்கிறது. அது விளக்கும் உடன்படிக்கையில் மலேசியா இணையவில்லை. அமெரிக்காவில் 2005இல் ஒரு சிறைக்கைதி நாத்திகர் படிப்பு வட்டம் அமைக்க அனுமதி கேட்ட வழக்கில், அரசமைப்புப் பாதுகாப்புக்காக மட்டும் நாத்திகத்தை மதத்துக்கு நிகராகக் கருத வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நாத்திகர் வழிபாடு நடத்துகிறார் என்று நீதிமன்றம் கூறவில்லை. மத நம்பிக்கைக்குக் கிடைக்கும் காவல் அவருக்கும் கிடைக்க வேண்டும் என்றது.

ஆகவே ‘நாத்திகம் மதமா’ என்று நீதிமன்றத்தில் கேட்கப்படும்போது, உண்மையில் கேட்கப்படுவது ‘நாத்திகருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டா’ என்பதுதான்.

ஈப்போ நீதிமன்றம் கண்ட வழக்கு

மதம் என்பது மனத்தில் இருக்கிறதா, தாளில் இருக்கிறதா என்ற கேள்வியை ஈப்போ மக்கள் மறக்க மாட்டார்கள். பாலர் பள்ளி ஆசிரியை எம். இந்திரா காந்தியின் வழக்கு இங்குதான் தொடங்கியது. 2009இல் அவருடைய அப்போதைய கணவர், தாம் மதம் மாறியதோடு மூன்று பிள்ளைகளையும் தாயின் சம்மதம் இல்லாமல் மதம் மாற்றிப் பதிவு செய்தார். கடைசிக் குழந்தைக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை.

2013இல் ஈப்போ உயர் நீதிமன்றம் அந்த மதமாற்றச் சான்றிதழ்களை ரத்து செய்தது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2018 ஜனவரி 29இல் கூட்டரசு நீதிமன்றம், ஒரு பெற்றோர் மட்டும் செய்த மதமாற்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 18 வயதுக்குட்பட்டவரின் மதத்தைத் தீர்மானிப்பது பற்றிப் பேசும் அரசமைப்பின் 12(4) பிரிவுக்கு, தாய் தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்று பொருள் கொண்டது.

இந்த வழக்கில் யாரும் நாத்திகர் அல்லர். ஆனாலும் நம்பாத தந்தையும் நம்பும் தாயும் உள்ள குடும்பங்களுக்கு அதில் சிந்திக்க ஒன்று இருக்கிறது. பேசத் தெரியாத குழந்தைக்கு மதம் என்பது நம்பிக்கை அல்ல, பெரியவர்கள் எழுதும் பதிவு. அந்தப் பதிவை ஒருவர் மட்டும் எழுதும்போது குடும்பமே உடையலாம். பிள்ளை விளக்கேற்ற வேண்டும் என்று அம்மாவும், கூடாது என்று அப்பாவும் இழுக்கும் வீட்டிலும் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வதே பிள்ளைக்கு நல்லது.

திருமணம், பள்ளி, மரணம்

நாத்திகரின் வாழ்க்கையில் இந்தக் கேள்வி மூன்று இடங்களில் கதவைத் தட்டுகிறது.

திருமணத்தில் மலேசியச் சட்டம் எளிதானது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதவரின் திருமணத்துக்கு அந்தச் சட்டம் கேட்பது பதிவைத்தான், சடங்கை அல்ல. பதிவதிகாரி முன் சாட்சிகளோடு நடக்கும் திருமணத்துக்கு ஐயரும் வேண்டாம், பாதிரியாரும் வேண்டாம். தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கிடைக்க அண்ணா ஆட்சிக்கு வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1967இல் நிறைவேறி 1968 ஜனவரியில் நடப்புக்கு வந்த அந்த ஏற்பும் இந்துத் திருமணச் சட்டத்தின் திருத்தமாகவே வந்தது. கடவுளை மறுத்தவரின் திருமணத்தையும் சட்டம் ‘இந்து’ என்ற கூரையின் கீழேதான் வைத்தது. 2019இல் திருப்பத்தூரைச் சேர்ந்த பெண் வழக்கறிஞர் ஒருவர் ‘சாதியற்றவர், மதமற்றவர்’ என்ற அரசுச் சான்றிதழைப் பெற்றபோது அது பெரிய செய்தியானதும் இதனால்தான்.

பள்ளியில் முஸ்லிம் அல்லாத பிள்ளைகள் நன்னெறிக் கல்வி பயில்கிறார்கள். அங்கு முதலில் வரும் நெறி இறை நம்பிக்கை. நாத்திகப் பெற்றோர் இதைச் சமாளிக்கும் விதம் பலவகை. நன்மை செய்ய வேண்டும், பொய் சொல்லக் கூடாது, பிறரை மதிக்க வேண்டும் என்ற மற்ற நெறிகளில் அவர்களுக்கும் முழு உடன்பாடு உண்டு. கடவுளுக்குப் பயந்து நல்லவனாக இருப்பதும், அடுத்தவனுக்கு வலிக்கும் என்று நல்லவனாக இருப்பதும் ஒரே இடத்தில் வந்து சேர்வதைப் பிள்ளைக்குச் சொல்லிவிடலாம்.

மரணத்தில்தான் வலி அதிகம். வாழ்நாளெல்லாம் சடங்கை மறுத்த ஒருவர் இறந்தபின் வீட்டில் இரண்டு குரல் எழும். ‘அவர் விருப்பப்படி செய்யுங்கள்’ என்பார்கள் தோழர்கள். ‘பதினாறாம் நாள் காரியம் செய்யாவிட்டால் ஊர் என்ன சொல்லும்’ என்பார்கள் உறவினர்கள். இறந்தவரால் பேச முடியாது. தன் விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைத்து, குடும்பத்தாரிடம் வாயாலும் சொல்லி வைப்பது ஒன்றே இந்தச் சண்டையைக் குறைக்கும் வழி. அதே நேரத்தில், சடங்கு இறந்தவருக்காக மட்டும் நடப்பதில்லை, இருப்பவர்களின் துக்கத்துக்காகவும் நடக்கிறது என்பதை நாத்திகரும் நினைத்துப் பார்க்கலாம்.

கட்டத்தில் என்ன எழுதுவது?

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலேசியர்களில் 0.7 விழுக்காட்டினர் சமயம் இல்லாதவர்களாகப் பதிவாகினர். 2020இல் முஸ்லிம்கள் 63.5, பௌத்தர்கள் 18.7, கிறிஸ்தவர்கள் 9.1, இந்துக்கள் 6.1 விழுக்காடு. எஞ்சிய எல்லாப் பிரிவினரையும் சேர்த்தாலே 3 விழுக்காட்டுக்குக் கீழ்தான். பழக்கத்தாலும் தயக்கத்தாலும் ‘இந்து’ என்றே எழுதும் நாத்திகர்கள் இந்தக் கணக்கில் தெரிய மாட்டார்கள்.

இத்தனையும் பார்த்தபின் கேள்விக்கு ஒரே பதில் இல்லை, எதற்காகக் கேட்கிறோமோ அதற்கேற்ற பதில் உண்டு. ‘மதம்’ என்றால் கருத்து என்ற பழைய பொருளில் நாத்திகம் ஒரு மதம். வழிபாடு, சடங்கு, மறுமை என்ற இன்றைய பொருளில் அது மதம் அல்ல. மனச்சாட்சிக்குச் சட்டம் தர வேண்டிய காவல் என்ற வகையில், மதம் அல்லாவிட்டாலும் மத நம்பிக்கைக்கு நிகரான மரியாதை அதற்கும் உரியது.

தோட்டங்களில் பலவும் இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஒரே லயத்தில் ஒரு வீட்டில் சாமி படமும் அடுத்த வீட்டில் பெரியார் படமும் தொங்கிய காலம் அங்கு இருந்தது. தைப்பூசத்தில் கல்லுமலைக்குக் காவடி எடுத்தவரும், காவடியை விமர்சித்து மேடையேறியவரும் மறுநாள் விடியலில் ஒரே பிரட்டுக்களத்தில் நின்று, ஒரே நிரையில் பால்மரம் வெட்டினார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் வீட்டு மதம் என்ன என்று பார்த்து யாரும் ஓடிவரவில்லை.

“நம்ம என்ன மதம்?” என்று கேட்கும் பிள்ளைக்கு அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உண்மையைச் சொல்லலாம்: அப்பா இப்படி நினைக்கிறார், அம்மா அப்படி நம்புகிறார், நீ வளர்ந்து யோசித்து முடிவு செய். பாரத்தில் உள்ள கட்டத்தில் அவ்வளவு நீளமான பதிலுக்கு இடம் இருக்காது. வீட்டில் இருக்க வேண்டும்.